ஹார்ட் என்று சொல்லி வைத்தார்கள்

எனக்கு வந்தது ஹார்ட் அட்டாக் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு உண்மை தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி என் நெஞ்சைப் பார்த்தே நலம் விசாரிக்கிறார்கள். என் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு வந்தது மனநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் படுத்திருந்தேன். மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது தேவலை.

என் பெயர் தணிகாசலம். எட்டாவதோடு படிப்பை விட்டு, ராணுவத்தில் சமையல்காரனாகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, திருவண்ணாமலை சாலையில் மதியச் சாப்பாட்டுக் கடை வைத்தவன். கோட்டை ஏறி இறங்கி வருகிறவர்களுக்கு என் மீன் குழம்பு தெரியும். ஊர்க்காரர்களுக்கு என்னை வேறு காரணத்துக்காகத் தெரியும். முன்னாள் ராணுவத்தானுக்கு மாதாமாதம் கேன்டீனில் குறைந்த விலைக்குப் பாட்டில் கிடைக்கும். அதை வாங்கி வருகிற அன்றைக்கு என் வீட்டு வாசலில் நாட்டுப்பற்று பொங்கி வழியும். "மிலிட்டரிக்காரர் மாதிரி வருமா" என்பார்கள். பை காலியானதும் அவரவர் வழி.

கவலை என் கூடவே பிறந்தது. பால் பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டதாகப் பதறுகிறவன் நான். ஆனால் ஓய்வு பெற்று வந்த பிறகு அது வேறு மாதிரி ஆனது. வீட்டில் எல்லோரும் வந்து சேராமல் என்னால் சோற்றைத் தொட முடியாது. மகள் கீர்த்தனா திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறாள். பஸ் கொஞ்சம் தாமதம் என்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். "பொண்ணு மேல எவ்ளோ பாசம் பாரு" என்று தெருவே மெச்சியது. நோயைக்கூட மெச்சத் தெரிந்த ஊர், அதற்கு நோய் என்று பெயர் வைக்காதவரை.

ஒரு மழை நாள் சாயங்காலம் அது வெளியே வந்துவிட்டது. மகளுடைய பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் வேறொரு பஸ் கிளம்புகிறது. எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறவில்லை, யாரோ விட்டுப்போய்விட்டார்கள் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"யோவ், இன்னாய்யா? நவுருய்யா!" என்றார் கண்டக்டர்.

"எல்லாரும் வரல. ஆளு கொறையுது. எண்ணிப் பாருங்க."

"எல்லாரும் ஏறிட்டாங்கய்யா. குடிச்சிருக்கியா?"

குடிக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு ஸீட்டாகத் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டே அழுதேன். ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அவர் ஒருவர்தான் மனிதர். மற்றவர்கள் செல்போனை நீட்டினார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வீடியோ என் தெருவுக்கு வந்துவிட்டது. "செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மெண்டல் மிலிட்டரி" என்று தலைப்பு வேறு. அந்தத் தலைப்பை யோசித்தவன் நேற்று வரை என்னை "சார்" என்றவன்.

அன்று நெஞ்சு வலியும் வந்தது. நிஜமான வலி. யானை ஏறி உட்கார்ந்த மாதிரி. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டுகிற சோதனை அது, வலிக்காது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்குது" என்றார்.

என் மனைவி மல்லிகாவின் தம்பி ஏழுமலை கூட வந்திருந்தான். ஹார்ட் நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் அவன் முகம் வாடியதைப் போல ஒரு வாட்டத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை.

"நல்லா பாருங்க சார். லேசா கூட ஒண்ணும் இல்லியா?"

"இல்லீங்க. இது பதற்றத்துல வர்றது. மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க."

வெளியே வந்ததும் ஏழுமலை அக்காவைத் தூணுக்குப் பின்னால் இழுத்தான். "அக்கா, யார் கேட்டாலும் ஹார்ட்டுன்னு சொல்லிடு. மெண்டல் டாக்டர்னு வெளிய தெரிஞ்சா கட அவ்ளோதான். பைத்தியம் கையால எவன் சாப்டுவான்?"

நான் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதும் நன்றாகத்தான் இருந்தது. அவனைத் திட்டத் தோன்றியது, ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. சமைப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கடை போனால் நான் யார்?

முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவ அட்டை உண்டு. அதைக் கொண்டுபோனால் சிகிச்சை இலவசம். ஆனால் அதற்கு முதலில் எங்கள் ஆட்களுக்கான கிளினிக்கில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் எந்தப் பிரிவு என்று எழுதுவார்கள். வரிசையில் மாவட்டத்தின் பழைய சிப்பாய்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று மல்லிகாவின் செயினை அடகு வைத்து, காசு கட்டிப் படுத்தேன். இலவசமாகக் கிடைப்பதை நகை வைத்து வாங்கிய அறிவாளிக் குடும்பம் எங்களுடையது.

போவதற்கு முன் எனக்கு இருந்த பயம், அங்கே சங்கிலி போட்டுக் கட்டுவார்கள், ஷாக் கொடுப்பார்கள் என்பது. எல்லாம் சினிமா பார்த்து வந்த அறிவு. வார்டில் ஒரு பள்ளி ஆசிரியர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பேங்க் கிளார்க், காயை ஒளித்துவைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கல்லூரிப் பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவ்வளவுதான். என் பெல்ட்டையும் பிளேடையும் நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி படபடப்பு வருமாம், அதனால் பார்க்கிறார்கள். சரியாக இருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து, தகரத்தில் அடிக்கிற மாதிரி சத்தம். பாதியில் என்னை வெளியே எடுக்கச் சொல்லிக் கத்தினேன். எடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி படுக்கவைத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவை "ஒன்றுமில்லை" என்று வந்தபோதும், செய்யாத தப்புக்கு மாட்டிக்கொண்டவன் போல் இருந்தது. ஒரு கட்டியாவது இருந்திருந்தால் ஊரில் தலைநிமிர்ந்து போயிருப்பேன். அந்த நினைப்பு எனக்கே வந்தது. ஊர் நம்மை எந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருக்கிறது பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சாம்பாரில் பருப்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லை. மல்லிகா எனக்கு முன்னால் ஒரு வாய் தின்று, "நல்லாதான் இருக்குது, சாப்டுங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது. கீர்த்தனா பஸ் ஏறியதும், இறங்கியதும், வீட்டுக்கு வந்ததும் மெசேஜ் அனுப்புவாள்: "வந்துட்டேன் நைனா." அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

என்னைப் பார்த்தது சின்ன வயது டாக்டரம்மா. சுருட்டைமுடி, கண்ணாடி. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ராணுவத்தில் என் கூட இருந்தவர்கள் செத்துப்போன ஒரு நாள் உண்டு. அந்தப் பேச்சு வந்தால், எத்தனை பேர் செத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்ததா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இவர் மூன்றாம் நாள் என் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேட்டார்.

அதை யாரும் கேட்டதில்லை. என் மனைவி கேட்டதில்லை. என் அதிகாரிகள் கேட்டதில்லை.

சொன்னேன். பனிமலையில் ஒரு காவல் முகாம். காலையில் ரோந்து போனவர்களுக்கு மதியத்துக்கு ராஜ்மாவும் சோறும் செய்திருந்தேன். அந்த உயரத்தில் ராஜ்மா லேசில் வேகாது, குக்கரில் வைத்து மாளாது. அன்று மெத்தென்று வெந்திருந்தது. எனக்குப் பெருமை. பனி சரிந்தது. போனவர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். மற்றவர்களும் வந்துவிடுவார்கள் என்று நான் அடுப்பைச் சின்னதாக வைத்து, தண்ணீர் விட்டு விட்டுச் சூடாகவே வைத்திருந்தேன். கொட்டிவிடச் சொன்னார்கள். நான் கொட்டவில்லை. அடுத்த நாள் வேறொருவன் என் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக் கொட்டினான்.

டாக்டரம்மா மூடிய ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: பேரதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல். "ஆபத்து வரும்போது உடம்பு எழுந்து நிக்கும். ஆபத்து போனதும் உட்காரணும். உங்க உடம்பு அன்னைக்கு எழுந்து நின்னது, இன்னும் உட்காரல. அதுக்குத்தான் மாத்திரை. அதோட பேச்சு சிகிச்சை."

"நான் சண்டையே போடலீங்களே டாக்டர்."

"நோய்க்கு அது தெரியாது."

மாத்திரை உடனே வேலை செய்யாது. மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் நாக்கு வறண்டு, வயிறு புரட்டி, படபடப்பு கூடக் கொஞ்சம் அதிகமானது. இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்களாம். விடக் கூடாது. பேச்சு சிகிச்சை என்றால் வெறும் ஆறுதல் இல்லை, பள்ளிக்கூடம் மாதிரி வீட்டுப்பாடம் உண்டு. கீர்த்தனாவின் மூன்று மெசேஜை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு, அந்தப் பதற்றத்தோடு சும்மா உட்கார்ந்து பார், அது ஏறி, தானாக இறங்கும் என்றார்கள். உட்கார்ந்தேன். ஏறியது. இறங்கவும் செய்தது. பனியில் நின்றதைவிடக் கஷ்டமான டியூட்டி அது.

சர்வீஸில் இருக்கும்போதே ஏன் காட்டவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். காட்டினால் மெடிக்கல் கேட்டகரியை இறக்குவார்கள், அதாவது முழுத் தகுதி இல்லாதவன் என்று முத்திரை விழும், பதவி உயர்வு போகும் என்று எல்லோரும் சொன்னார்கள், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை என்றேன். காலில் குண்டு பாய்ந்தால் மெடல். மனதில் பாய்ந்தால் "டிராமா போடுறான்."

இதற்குள் ஏழுமலை ஊரில் ஹார்ட் கதையை நன்றாகப் பரப்பியிருந்தான். "ரெண்டு அடைப்பு" என்று எண்ணிக்கையே சொல்லியிருக்கிறான். அதன் பலன் வந்தது. எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் சுபேதார் கோதண்டம், கூட ஒரு ஆளுடன், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். காரை ஓட்டிவந்த அன்வர், ராணுவத்தில் டிரைவராக இருந்த தம்பி, மேலே வராமல் கீழேயே இருந்துவிட்டானாம். மற்ற இருவரும் இதய நோய்ப் பிரிவு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். இல்லை. கவுண்டரில் கேட்டால் கம்ப்யூட்டரைத் தட்டி எங்கள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கதவுக்கு மேலே பெயர்ப்பலகை. அதைப் படித்துவிட்டு சுபேதார் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

"டேய் தணிகாசலம், இன்னாடா இது?"

"வாங்க சாப். உள்ள வாங்க."

"ஹார்ட்டுன்னான் உன் மச்சான்?"

"பொய் சொன்னான் சாப். மனசுக்குத்தான் சரியில்ல."

"மனசா? நீ கரண்டி புடிச்சவன்டா. பார்டர்ல நின்னவன் எனக்கே ஒண்ணும் ஆவல. குக்குக்கு இன்னாடா மெண்டல்? வெங்காயம் உரிச்சதுல வந்துதா?"

கூட வந்தவர் சிரித்தார். கேரம் ஆடிய ஆசிரியர் சிரிக்கவில்லை. "யூனிஃபார்முக்கே அசிங்கம்டா" என்று சொல்லிவிட்டு சுபேதார் திரும்பினார். நான் அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அடுத்து நடந்தது. பையையும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

மல்லிகா வெளியே வந்து கூப்பிட்டாள். "அண்ணே, பழத்தயாவது குடுத்துட்டுப் போங்க."

"இல்லம்மா, இது ஹார்ட் பேஷன்ட்டுக்குன்னு வாங்குனது..."

"அவரும் வாயாலதான் சாப்புடறாரு."

ஆனாலும் கொடுக்கவில்லை. எல்லையைக் காத்த வீரர் ஆரஞ்சுப் பழத்தைக் காத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனார்.

மல்லிகா திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவங்களுக்கு பயந்தா என் செயின வச்சோம்?" என்றாள். "இனிமே ஹார்ட்டுன்னு என் வாயால வராது."

வீட்டுக்கு வந்தோம். கடையைத் திறக்க வேண்டும். ஏழுமலை ஒரு யோசனையோடு வந்தான்.

"மாமா, நீங்க உள்ள சமைங்க. வெளிய வராதீங்க. முன்னாடி ஒரு மாஸ்டர வேட்டி சட்டையோட நிக்க வைப்போம். அவர்தான் சமைக்கிறாருன்னு நெனச்சிப்பாங்க."

"எதுக்குடா?"

"சுபேதார் சொல்லி விஷயம் தெரிஞ்சிபோச்சு, ஜனங்க பயப்படுறாங்க மாமா. உப்புக்கு பதிலா எதனா போட்டுடுவீங்களோன்னு..."

"அந்த மாஸ்டரு எத்தன பேருக்கு சமைச்சிருக்காரு?"

"அவரு சமைக்கறதில்ல மாமா, கேட்டரிங்ல பரிமாறுவாரு. பாக்க பர்சனாலிட்டி."

நான் மறுத்துவிட்டேன். மல்லிகா அவனிடம், "உள்ள ஒளிஞ்சி சமைக்கறதுக்கு அவரு இன்னா திருடரா?" என்றாள். முன்னால் அடுப்பு, நானே குழம்புச் சட்டி முன் நிற்பேன் என்று திறந்தேன். மத்தியான மாத்திரையைக் கல்லாப்பெட்டி மேலேயே, தண்ணீர் டம்ளரோடு வைத்தேன். ஒளித்துச் சாப்பிட்டால் விஷம் என்பார்கள், தெரியச் சாப்பிட்டால் மாத்திரை என்பார்கள் என்று ஒரு கணக்கு.

முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், போனார்கள். வாழை இலை சுருண்டு காய்ந்தது. மீனைக் குறைத்து வாங்கினேன். அப்படியும் மிஞ்சியது. மிஞ்சிய சோற்றைப் பார்க்கும்போது எனக்கு என்ன ஆகும் என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்த மாதிரி உட்கார்ந்தேன். ஏறட்டும், இறங்கும். பிறகு எழுந்து நானே என் கையால் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன். வேறு யாருக்கும் அது ஒரு செய்தி இல்லை. டாக்டரம்மாவுக்கு மட்டும் போன் செய்து சொன்னேன்.

அப்புறம் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கோட்டை ஏறி இறங்கிய பசிக்கு என் பைத்தியம் தெரியாது. லாரிக்காரர்கள் வந்தார்கள். காரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டாம் சோறு கேட்டார்கள். எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து நம் ஊர்க்காரர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டவன் சாகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். பஸ் வீடியோவுக்குத் தலைப்பு வைத்தவனும் வந்து, "சார், மீன் தல இருக்குதா?" என்றான். இவர்களைத் திருத்தியது எந்தப் பேரணியும் இல்லை, எந்தப் போஸ்டரும் இல்லை. மீன் குழம்பு. அதனால் இவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடவில்லை. நாக்கு வந்திருக்கிறது, மனசு இன்னும் சாலைக்கு அந்தப்பக்கம்தான் நிற்கிறது. சுபேதார் இன்றுவரை ஆள் அனுப்பிப் பார்சல்தான் வாங்குகிறார். என் குழம்பு பையில் போனால் அசிங்கமில்லை போலிருக்கிறது.

போன வாரம் அன்வர் வந்தான். வழக்கமான ஊர்க்காரர்கள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். இவன் சோற்றைப் பிசைகிறான், பிசைகிறான், வாய்க்குப் போகவில்லை. நான் குழம்பு ஊற்றக் குனிந்தபோது என் காதருகில் பேசினான்.

"அண்ணே, அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கி நானும் வந்தேன். மேல வரல."

"தெரியும். சுபேதார் மாதிரி உனக்கும் அசிங்கமா?"

"இல்லண்ணே. மேல வந்தா அந்த டாக்டரு என் மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்கன்னு பயம்." அவன் கை இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. "ஸ்டியரிங்க தொட முடியலண்ணே. வண்டிய எடுத்தாலே ரோட்டுல குண்டு வச்சிருக்கற மாரி இருக்குது. அன்னிக்கி புதுச்சேரி வரைக்கும் எப்டி ஓட்டனேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். சொன்னா பொழப்பு போய்டும். சொல்லலன்னா..." நிறுத்தினான். "சொல்லலன்னா நான் இருக்கமாட்டேண்ணே."

அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரி. நாளைக்கி காலைல பஸ்ல போவோம். நீ ஓட்ட வேணாம். நானும் வரேன்."

"எந்த டிபார்ட்மென்ட்டுன்னு..." குரல் இன்னும் இறங்கியது.

"சத்தமா கேளுடா."

"அண்ணே, எல்லாரும் இருக்காங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கி அங்க கவுண்டர்ல கேக்கணும், கிளினிக்ல சீட்டு வாங்கணும். இங்கியே கேட்டுப் பழகு."

அவன் சுற்றிலும் பார்த்தான். பிறகு, பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில், "அண்ணே, மனநோய்க்கு எங்க காட்டணும்?" என்றான்.

நானும் அதே குரலில் ஆஸ்பத்திரி பெயர், மனநலப் பிரிவு, எந்த மாடி, எல்லாம் சொன்னேன். இலைகளில் கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு ஓரத்திலிருந்த லாரிக்காரர், "கொழம்பு இன்னும் கொஞ்சம்" என்றார். கைகள் மறுபடி நகர்ந்தன. அன்வர் முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் எழுந்து போனார். மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. இஞ்சியும் கருவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர், அன்றைக்கு நன்றாகவே வந்திருந்தது. நஷ்டம் அவருக்குத்தான்.